பொறுங்கோ அக்கா

விலைமனு என்ற பெயரில் என் மேசைக்கு வந்த கடதாசிகளை அடுக்கினால் ஓர் அறை நிரம்பும். அவற்றில் ஒன்றே ஒன்றில்தான், விற்க வந்தவரே தன் கையெழுத்துக்கு மேலே, "இவற்றைத் தற்போது வாங்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கொழும்பில் ஒரு திணைக்களத்தில் நிர்வாக உத்தியோகத்தர். ஆறு கணினிகள் வாங்க அனுமதி வந்திருந்தது. மூன்று விலைமனுக்கள் கோரினோம். மூன்றிலும் குறைந்தது அவருடையது. அதன் அடியில் ஒரு குறிப்பு. உங்கள் கட்டடத்தில் மின்கம்பிகள் இன்னும் மாற்றப்படவில்லை என்று அறிகிறேன். அந்த வேலை முடியக் குறைந்தது ஐந்து மாதமாகும். அதற்குள் இதே விலைக்கு இதைவிட வேகமான இயந்திரம் வந்துவிடும். முதலில் கம்பியை மாற்றுங்கள்.

மதிப்பீட்டுக் குழுவில் நாங்கள் மூன்று பேர். குறிப்பை வாசித்தோம். அது உண்மை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் அதை எழுதப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கவில்லை. "நிபந்தனைக்கு உட்பட்ட விலைமனு, நிராகரிக்கப்படுகிறது" என்று நானே எழுதி, நானே ஒப்பமிட்டு, அடுத்த குறைந்த விலை தந்தவரிடம் வாங்கினோம். பெட்டிகள் ஒன்பது மாதம் களஞ்சியத்தில் இருந்தன. கம்பி வேலை முடிந்து அவற்றைப் பிரித்தபோது இரண்டு இயங்கவில்லை. கணக்காய்வாளர்கள் வந்து கோவையைப் புரட்டினார்கள். கோவையில் ஒரு பிழையும் இல்லை.

பெட்டிகள் இன்னும் களஞ்சியத்தில் கிடந்த காலத்திலேயே ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். விலைமனுவில் இருந்த முகவரி வெள்ளவத்தை. என் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளிக் கடற்கரைப் பக்கம். கீழே சைவச் சாப்பாட்டுக் கடை. ஒடுங்கிய படியில் ஏறினால் ஓர் அறை. சுவரோரம் திறந்த வயிறுகளோடு நாலைந்து கணினிப் பெட்டிகள். கரையோர ரயில் போகும்போதெல்லாம் மேசையில் இருந்த திரை ஒருமுறை நடுங்கி அடங்கும். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பருத்திச் சேலை, மற்றப் பெண்கள் சாவிக்கொத்துச் செருகும் இடத்தில் ஒரு திருப்புளி. நான் திணைக்களத்தின் பெயரைச் சொன்னேன்.

"நீங்கள்தான் என்னை நிராகரிச்ச ஐயாவோ?"

"ஓம்."

"கம்பி மாத்தியாச்சோ?"

"இல்லை."

"அப்ப நான் எழுதினது இன்னும் செல்லும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார்.

வெள்ளவத்தையில் அவருக்குப் பெயர் 'பொறுங்கோ அக்கா'. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒழுங்கையில் அதைச் சொல்லி விசாரித்தால் எவருக்கும் தெரியாது. கணினி வாங்கப் போகிறவர்களை அவர் ஒரு கேள்வி கேட்பார்: கொண்டுபோய் வைத்த முதல் நாள் இதில் என்ன செய்வீர்கள்? பதில் தெளிவாக வந்தால் அன்றைக்கே விற்பார். வராவிட்டால், "அப்ப பொறுங்கோ." பத்தில் எட்டுப் பேருக்கு இந்த இரண்டாவது தீர்ப்புத்தான்.

எங்கள் தொடர்மாடியில் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் விண்ணப்பங்களை நிராகரித்துப் பழகியவர். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

"மகளுக்கு ஒரு கம்பியூட்டர் வேணும். இருக்கிறதிலை நல்லதாக் காட்டுங்கோ" என்றார் அவர்.

"முதல் நாள் மகள் அதிலை என்ன செய்வா?"

"படிப்பா."

"என்ன படிப்பா?"

"கம்பியூட்டர்தான்."

"எங்கை?"

"சோதினை முடிய ஒரு வகுப்பிலை சேர்க்க யோசிச்சிருக்கிறம்."

"சோதினை எப்ப?"

"ஆவணியிலை."

"இப்ப தை. ஆவணி முடியுமட்டும் பொறுங்கோ."

முகாமையாளரின் காது சிவந்தது. "நான் என்ன ஓசியிலையே கேக்கிறன்? கையிலை காசோடை வந்து நிக்கிறன்."

"காசு வங்கியிலை கிடந்தால் பழுதாகாதெண்டு உங்களுக்குத் தெரியாதே ஐயா? இது கிடந்தால் பழுதாகும். வெள்ளவத்தையிலை சும்மா இருக்கிற இரும்பைக் கடல் திண்டுபோடும்." மேசைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே, பாசி பிடித்த மாதிரிப் பச்சை பூத்த மின்தகடுகள். "இதுகள் எல்லாம் துணி போர்த்து வைச்சிருந்ததுகள்."

படியிறங்கும்போது முகாமையாளர் சொன்னார்: "உந்த மனிசிக்குத் தலைக்கனம். வியாபாரம் ஒரு துண்டும் தெரியாது." அன்று பின்னேரமே பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் வாங்கினார். அவர் மனைவி அதற்கு வெள்ளைப் பின்னல் உறை ஒன்று போட்டார். மகள் சோதனை முடியும்வரை தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். வருகிற போகிற விருந்தாளிகளுக்கு மட்டும் உறையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

சோதனை முடிந்து வகுப்புத் தொடங்கியபோது, வகுப்பில் கொடுத்த மென்பொருளை அந்தப் பெட்டி ஏற்கவில்லை. பிறகு அது எழும்பவே மறுத்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து நானும் அவரும் அதை அந்த ஒடுங்கிய படியில் ஏற்றினோம். முகாமையாளர் என்ன பேச்சு வாங்கப் போகிறோமோ என்று முகத்தை இறுக்கி வைத்திருந்தார். அக்கா பெட்டியைத் திறந்தார், பல்துலக்கும் தூரிகையால் உப்பைத் தட்டினார், இரண்டு சில்லறைப் பாகங்களை மாற்றினார். அன்றைக்கு நான் சொன்னேனே என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. "இப்ப மகள் முதல் நாள் என்ன செய்வா?" என்று மட்டும் கேட்டார். முகாமையாளரிடம் இந்த முறை பதில் இருந்தது. பதினைந்து நிமிடம் விளக்கினார்.

பொறுங்கோ என்று சொல்லி ஆளைக் கழற்றிவிடுவது யாருக்கும் முடியும். அரசாங்கமே அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு நாட்குறிப்புப் புத்தகம் இருந்தது. இந்தக் கோவையை இத்தனையாம் திகதி மீளச் சமர்ப்பிக்கவும் என்று அதில் குறித்து வைப்போம். அந்தத் திகதி வந்தால் கோவையை எடுத்து, தூசி தட்டி, இன்னும் இரண்டு கிழமை கழித்து என்று குறித்து உள்ளே வைப்போம். அக்காவின் சுவரில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கலண்டர் தொங்கியது. ஒவ்வொரு மாதத்தின் வெற்றிடத்திலும் பெயர்கள்: 'வங்கி ஐயா மகள்', 'பாமன்கடை ரியூஷன்', 'கல்கிசை டொக்டர்'. அந்த மாதம் வந்தால் கீழே இறங்கி, தொலைபேசி நிலையத்திலிருந்து தானே அழைப்பார். "உங்கடை மாசம் வந்திட்டுது. வேலை இருக்கோ? இல்லையெண்டால் இன்னும் பொறுக்கலாம்." மீளச் சமர்ப்பித்தலை அதன் உண்மையான அர்த்தத்தில் நடத்திய ஒரே அலுவலகமாக அந்த மாடி அறையைத்தான் சொல்வேன்.

விற்ற பெட்டியை அவர் பூட்டும் விதமும் தனி. ஆறு திருகாணி போடவேண்டிய பின்பக்கத்தில் இரண்டு மட்டுமே போடுவார். கஞ்சத்தனம் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒருநாள் ஒரு பெட்டியோடு முச்சக்கர வண்டியில் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது விளங்கியது. யுத்த காலம், இடையில் மூன்று இராணுவக் காவலரண்கள். ஒவ்வொன்றிலும் "அறின்ட" என்றான் ஒவ்வொரு சிப்பாய். திற என்று அர்த்தம். ஆறு ஆணியைக் கழற்றி முடிப்பதற்குள் சிப்பாய்க்குச் சந்தேகம் முற்றிவிடும். இரண்டென்றால் ஒரு நிமிடம். மூடியைத் தூக்கினால் உள்ளே ஒவ்வொரு பாகத்திலும் சின்னக் கடதாசி ஒட்டி, அதன் பெயர் சிங்களத்தில் எழுதியிருக்கும். காற்றாடி, மின்பெட்டி, நினைவகம் என்று. வயர்களும் உலோகப் பெட்டியும் கண்டால் அந்தக் காலத்தில் யாருக்கும் வேறு எண்ணம்தான் முதலில் வரும். பெயர் எழுதியிருந்தால் துவக்கோடு நிற்கிறவன் முதலில் வாசிப்பான். வாசிக்கிறவன் சுடமாட்டான் என்பது அக்காவின் கணக்கு. அதற்காகவே சிங்கள எழுத்துப் பழகியவர்.

இவ்வளவும் அவரைப் பற்றி நான் மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரித்தவை. நன்றி சொல்லவேண்டியது வேறு.

என் தங்கை யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தவள். கல்யாணம் செய்யவில்லை. இடப்பெயர்வில் வீடும் போய், தட்டெழுத்து இயந்திரமும் போய், ஒரு பாடசாலை மண்டபத்தில் சேலைத் தடுப்புக்குப் பின்னால் எட்டு மாதம் இருந்தாள். வடக்கிலிருந்து கொழும்புக்கு வர பாஸ் வேண்டிய காலம்; கண் சிகிச்சைக்கென்று அதை எடுத்து, வவுனியா வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பொறுப்பு நின்று கையெழுத்திட்டவன் நான். கண் சுகமாகிவிட்டது. அதுதான் இப்போது பிரச்சினை. சிகிச்சை முடிந்தால் கொழும்பில் தங்கக் காரணம் முடிந்தது. புரட்டாதி கடைசியோடு பாஸ் முடிகிறது. அதை நீடிக்க பொலிஸ் ஏற்கும் காரணங்கள் மூன்றே மூன்று: வைத்தியம், வெளிநாட்டுப் பயணம், வேலை. முதலாவது முடிந்துவிட்டது, இரண்டாவது எங்களுக்கு இல்லை. வேலை கிடைக்காவிட்டால் அவள் அந்தச் சேலைத் தடுப்புக்குப் பின்னால் திரும்பிப் போகவேண்டும்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சக முதலாளி இருந்தார். பரீட்சை வழிகாட்டிப் புத்தகங்கள் போடுகிறவர். வீட்டிலிருந்தே தமிழில் பக்கங்களை அடித்து டிஸ்கில் கொடுத்தால் வேலை தருவதாகச் சொன்னார். கடிதம் கேட்டேன்.

"வேலை தாறன் ஐயா. கடிதம் மட்டும் கேக்காதேங்கோ. வடக்கு ஆளுக்கு வேலை குடுத்திருக்கிறனெண்டு எழுதிக் குடுத்தால், நாளைக்கு என்ரை அச்சுக்கூடத்தைக் கிண்டிப்போடுவாங்கள். கம்பியூட்டர் இருந்தால் பத்து நாளிலை முதல் நாற்பது பக்கத்தைக் கொண்டுவாங்கோ. இல்லாட்டி நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

நான் கணினி வாங்கும் அலுவலை ஏற்கெனவே ஐந்து கிழமையாக நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று கடைகளில் விலைமனு கேட்டிருந்தேன். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. இரண்டை வைத்து முடிவெடுப்பது எனக்கு உள்ளாடையோடு காலி வீதியில் இறங்குவது போல. அதைவிட, கார்த்திகையில் புது ரகம் வருகிறதென்றும் அதன்பின் இப்போது இருப்பதன் விலை பாதியாக விழுமென்றும் பத்திரிகையில் வாசித்திருந்தேன். வாசித்ததைக் கத்தரித்தும் வைத்திருந்தேன். மனைவிக்குப் பொறுமை போனது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் கம்பியூட்டர் வாங்கிறது தங்கச்சிக்கோ, திணைக்களத்துக்கோ?"

தங்கை ஒன்றும் சொல்லமாட்டாள். சாப்பாட்டு மேசையில் ஒரு மட்டைத் துண்டில் தமிழ் விசைகளைக் கீறி வைத்து, பகல் முழுக்க அதில் விரல்களைப் பழக்கிக்கொண்டிருப்பாள். மட்டையில் சத்தம் வராது. எனக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் பொறுங்கோ அக்காவிடம் போனேன். ஏன் போனேன் என்பதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. பொறுங்கோ என்று அவர் சொல்வார், அதைக் கொண்டுவந்து வீட்டில் வைக்கலாம் என்று போனேன். தீர்மானத்தைத் தள்ளிப்போட ஓர் அதிகாரியின் சிபாரிசு வேண்டுமென்பது என் தொழிலின் முதற் பாடம்.

கத்தரித்த பத்திரிகைத் துண்டை நீட்டினேன். அவர் வாசிக்காமலே திருப்பித் தந்தார்.

"ஆருக்கு?"

"தங்கச்சிக்கு."

"அப்ப அவவை ஏன் வீட்டிலை விட்டிட்டு வந்தனீங்கள்?"

போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். தங்கை படியேறி வந்து மூச்சு வாங்கினாள்.

"பிள்ளை, முதல் நாள் இதிலை என்ன செய்வீர்?"

"பதினைஞ்சு பக்கம் அடிப்பன் அக்கா. கணிதமெண்டால் பத்து. மூண்டாம் நாள் நாற்பது முடியும்." மூச்சு அடங்கும் முன்னரே சொல்லிவிட்டாள். என்னிடம் ஐந்து கிழமையாக ஒன்றும் சொல்லாதவள். பிறகு பாஸைப் பற்றியும், அச்சகக்காரர் கடிதம் தரமாட்டார் என்பதைப் பற்றியும், அவருடைய பத்து நாளைப் பற்றியும், அதில் மூன்று நாள் போய்விட்டதைப் பற்றியும் சொன்னாள்.

அக்கா திருப்புளியை மேசையில் வைத்தார். "ஐயா, நீங்கள் என்னட்டை வந்தது பொறுங்கோ எண்டு எழுதி வாங்கிக்கொண்டு போக, என்ன?"

பத்திரிகைத் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"கார்த்திகையிலை புதுசு வருகுதுதான். இது அப்ப அரைவாசியும் பெறாது. பேப்பர்காரன் எழுதினது சரி. ஆனால் தங்கச்சியின்ரை பாஸ் கார்த்திகை மட்டும் நிக்காதே."

"அப்ப இண்டைக்கே ஒண்டு தாங்கோவன்" என்றேன்.

"என்னட்டை இல்லை." சுவரோரப் பெட்டிகளைக் காட்டினார். "உதுகள் எல்லாம் திருத்த வந்தது. நானும் புதுசு வரட்டுமெண்டு ஒண்டும் எடுத்து வைக்கேல்லை. இப்ப சொன்னால் சிங்கப்பூரிலையிருந்து வர மூண்டு கிழமை."

தங்கை ஏழிலிருந்து இருபத்தொன்றைக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

அக்கா தன் மேசையில் இருந்த கணினியைப் பார்த்தார். ஒரு ரயில் போனது. திரை நடுங்கி நின்றது. அதில்தான் அவருடைய விலைமனுக்கள், ஆட்களின் விபரங்கள், திருத்திய பாகங்களைச் சோதிக்கும் வேலை எல்லாம். மேசையின் லாச்சியைத் திறந்து டிஸ்குகளை எடுத்தார். "கொஞ்சம் இருங்கோ, என்ரையுகளை இதிலையிருந்து எடுத்துப்போட்டுத் தாறன்."

"அக்கா, அப்ப உங்களுக்கு?" என்று தங்கை கேட்டாள்.

"நான் கொழும்பிலை இருக்கிறதுக்கு ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை, பிள்ளை. நான் பொறுப்பன்."

டிஸ்க் மாற்றி டிஸ்காகப் பதினொன்று நிரப்பினார். தமிழ் எழுத்துரு போட்டு, விசைகளில் தமிழ் எழுத்து ஒட்டி, தங்கையை இருத்தி ஒரு பக்கம் அடிப்பித்துப் பார்த்தார். பிறகு பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"ஆற்றை பேரிலை?"

"என்ரை பேரிலை எழுதுங்கோ" என்றேன். "நான்தானே நிரந்தரவாசி. அடையாள அட்டை, வாக்காளர் பதிவு எல்லாம் சரியா இருக்கு. காவலரணிலை பிரச்சினை வராது."

அவர் பேனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. கோபமில்லை. முகாமையாளரின் பெட்டிக்குள் உப்பைப் பார்த்த மாதிரி.

"உங்களுக்கு வேலை இருக்கெண்டு பொலிசுக்குத் தெரியும் ஐயா. தங்கச்சிக்கு இருக்கெண்டு காட்ட என்ன கிடக்கு? அச்சகக்காரர் கடிதம் தரமாட்டாராம் எண்டு அவதானே சொன்னவ."

அரசாங்க அலுவலக விதிகள் அடங்கிய தாபனக் கோவையை அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லக்கூடியவன் நான். எந்தக் கடதாசி எந்தக் கதவைத் திறக்கும் என்பது எனக்கு மூச்சு விடுவது போல. என் தங்கைக்கு வேண்டியிருந்த ஒரே கடதாசியை என் பெயரில் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தங்கையின் அடையாள அட்டையை வாங்கி, எழுத்துக்கு எழுத்துப் பார்த்து, அவள் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். வெள்ளவத்தை முகவரி, ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கம், கீழே ஒரு வரி சிங்களத்தில்: தமிழ் அச்சுக்கோர்ப்புத் தொழிலுக்காக, மேற்படி முகவரியில் பாவிக்கப்படுகிறது. கடையின் முத்திரையை இரண்டு தரம் குத்தினார். விலையைச் சொன்னார், நான் பேரம் பேசவில்லை. மூன்றாவது விலைமனு பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை.

நாற்பது பக்கமும் ஏழாம் நாள் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டது. அடுத்த நாள் பாஸை நீடிக்க விண்ணப்பித்தோம், பற்றுச்சீட்டின் பிரதியோடு. வீட்டைப் பார்க்க ஒரு கொன்ஸ்தாபல் வந்தார். கண்ணாடி போட்ட, ஓய்வுக்குக் கிட்டிய மனிதர். சப்பாத்தைக் கழற்றவா என்று சிங்களத்தில் கேட்டார், வேண்டாம் என்றேன். கழற்றினார்.

தங்கை அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி முழுவதும் பிழையாகப் போவது எனக்குத் தெரிந்தது. கொன்ஸ்தாபல் பற்றுச்சீட்டை விரித்து, தொடரிலக்கங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தார். திரை, விசைப்பலகை. ஓர் இலக்கத்தை இரண்டாம் தரமும் பார்த்தார். ஆபத்தான நேரம்தான், ஆனாலும் அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு சகோதர வாஞ்சை வந்ததை மறைக்க முடியாது. இலக்கங்களை இப்படி மதிக்கும் ஆளை நான் திணைக்களத்திலும் கண்டதில்லை. பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார். இரண்டு ஆணி. மூடியைத் தூக்கினேன்.

அவர் குனிந்து வாசித்தார். "பங்காவ." காற்றாடி, தலையாட்டினார். "மத்தகய." நினைவு. நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, மறுபடி அந்த விரலளவு தகட்டைப் பார்த்தார்.

"மே பொடி எக்கே?" இந்தச் சின்னனிலா என்று கேட்டார். ஓம் என்றேன். தன் தலையைத் தட்டிக் காட்டி, இவ்வளவு பெரிய பெட்டி இருந்தும் காலையில் கண்ணாடியை எங்கே வைத்தோமென்று தெரியவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். தங்கைக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் அவள்தான் முதலில் சிரித்தாள். அவர் மேசையில் கிடந்த கணிதப் பக்கங்களைப் புரட்டி, குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

ஆறு மாதம் கொடுத்தார்கள். பிறகு இன்னும் ஆறு மாதம், பிறகு ஒரு வருடம். அந்தக் கணினியில் அவள் எத்தனை புத்தகம் அடித்தாள் என்று கணக்கில்லை. தங்கை இன்றும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறாள். மனைவி போனபின் என் மருந்துகளைக் காலை, மாலை என்று பிரித்து வைப்பது அவள்தான். பிழை விட்டால் ஏசுவதும் அவள்தான். அக்காவின் கடை சில வருடங்களின் பின் மூடப்பட்டது. திருகோணமலைக்குப் போனார் என்று ஒருவர் சொன்னார், நியூசிலாந்துக்கு என்று இன்னொருவர். சரியாகத் தெரிந்தவர் எவரையும் நான் காணவில்லை.

அந்தக் கார்த்திகைவரை அவர் விலைமனுக்களைக் கையால் எழுதினார். கம்பியூட்டர் இல்லாத கம்பியூட்டர் கடை என்று ஒழுங்கையில் பகிடி பண்ணினார்கள். பகிடியை நம்பிச் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன், அவர் சொல்லவில்லை.

முதல் ஆறு மாதம் கிடைத்த அன்று பொலிஸ் நிலையத்திலிருந்து நேரே அவரிடம் போனேன். நன்றி என்பதை நான் எப்போதும் இலக்கமிட்டுக் கடிதமாகத்தான் அனுப்பியிருக்கிறேன்; நேரில் சொல்லும் முறை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அவர் மேசையின் வெறுமையான நடுவில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்து ஊதிக்கொண்டிருந்தார். எதிரே போட்டிருந்த கதிரையில் கேட்காமலே இருந்தேன்.

"கிடைச்சிட்டுது" என்றேன்.

"எவ்வளவு காலம்?"

"ஆறு மாசம்."

அவர் கலண்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அப்ப இப்போதைக்குப் பிறின்டர் ஒண்டும் வாங்கிப்போடாதேங்கோ. அச்சகத்திலையே எடுக்கட்டும்."

"சரி."

"அவ வடிவா அடிக்கிறாவோ?"

"ஓம். பிழை குறைவு."

இதன்பிறகு சொல்லவேண்டியதை நான் வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன், கடித இலக்கம்தான் முதலில் ஞாபகம் வந்தது. மேசைவிளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"கதிரையை விடுங்கோ ஐயா. அந்தப் பிள்ளை அப்ப தொடக்கம் நிக்குது."

எழுந்தேன். ஒரு பெண் வந்து இருந்தாள். நான் படியிறங்கும்போது, அக்கா அவளிடம் முதல் நாளைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருந்தார்.